தையல்காரம்மாவின் இடது கண்

கண் மிகச் சரியாக அமைந்துவிட்டதுதான் பிரச்சினை.

வலது கண் தையல்காரம்மாவுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. இடது கண், மருத்துவமனையின் இரண்டாவது மாடிக் கோடி அறையில் மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்து செய்தது. அருகருகே வைத்துப் பார்த்தபோது எது எது என்று செய்தவருக்கே ஒரு கணம் குழம்பியது. செயற்கைக் கண் செய்வதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைக் கண்காரர் என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் தையல்காரம்மா.

கண்காரர் கைக்கண்ணாடியை எடுக்கப் போனார். எடுத்துக் கொடுத்தால் அந்த அம்மாள் பார்ப்பார், சந்தோஷப்படுவார், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு வரமாட்டார். கண் வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் சும்மா பேசிவிட்டுப் போகலாம் என்று இரண்டு மாடி ஏறி வருவதில்லை. கண்காரர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"நிறம் சரியில்லைம்மா."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எப்படித் தெரியும்? நீங்க இன்னும் கண்ணாடியே பாக்கல. வேற செய்யணும். ரெண்டு வாரம் கழிச்சு, புதன்கிழமை வாங்க."

தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். கண்ணைக் கழற்றித் தந்துவிட்டு, குழி சுருங்காமல் இருக்கத் தற்காலிகமாகக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் தட்டை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே கறுப்புத் துணிப் பட்டையைக் கட்டிக்கொண்டு போனார். கண்காரர் அந்தக் கண்ணைக் கழுவித் துடைத்து, மேஜையின் அடி இழுப்பறையில் பஞ்சுக்குள் ஒளித்து வைத்தார். வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த வேலையைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளிப்பது அவருக்கே அவமானமாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. தையல்காரம்மாவின் கருவிழி தேன் நிறம். அதைச் சுற்றி வெளி ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம். ஏழு மணி முள் நிற்கிற இடத்தில், ஓர் ஆப்பு அடித்தது போலக் கரும்பழுப்புத் துண்டு. ஆயிரக்கணக்கான கண்களை முழங்கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்த கண்காரர், தேனையும் பார்த்திருக்கிறார், பச்சையையும் பார்த்திருக்கிறார். மூன்றும் சேர்ந்த கண்ணை இதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தார். தினமும் காலையில், சவரம் செய்துகொள்ளும்போது.

கண்காரர் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே இருந்த பேரேட்டில் அவரைப் பற்றி ஒன்றரை வரி இருந்தது. 'ஆண் குழந்தை. பெற்றோர் விவரம் இல்லை. கண் வெளிர் நிறம்.' ஐம்பத்திரண்டு வயது வரை அந்த ஒன்றரை வரியை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார். வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது, அதில் துணி மடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். கேட்டால், வார்த்த கண் இறுகிவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்பார். அது ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காவிட்டாலும் இறுகும்.

இந்த நிலைமையில் இருக்கிற ஒரு மனிதர் முன்னால், தன் கண்ணையே முகத்தில் வைத்துக்கொண்டு, தன்னைவிட ஐந்து வயது மூத்த ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? கண்காரர் அக்கா என்று நினைத்தார். முதல் நாளே நினைத்துவிட்டார். வாய் வரை வந்தது. "மூக்கை உறிஞ்சாதீங்க, அச்சு எடுக்கணும்" என்று சொல்லி விழுங்கிக்கொண்டார்.

*

இரண்டாவது புதன்கிழமைக்கு, வேண்டுமென்றே தப்பாக ஒரு கண் செய்ய வேண்டியிருந்தது. இது அவ்வளவு சுலபம் இல்லை என்பது செய்யும்போதுதான் தெரிந்தது. கை தானாகச் சரியான நிறத்துக்கே போனது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையை அள்ளிப் பூசினார். பார்த்தால் பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது.

"ஐயோ!" என்றார் தையல்காரம்மா கண்ணாடியைப் பார்த்து.

"அதான் சொன்னேன்ல, கஷ்டமான நிறம்." கண்காரர் ஒரு காகிதத்தை எடுத்தார். "உங்க அப்பா கண்ணு என்ன நிறம்?"

"அது எதுக்கு?"

"கண்ணு நிறம் ரத்தத்துல வர்றது இல்லையா? பரம்பரை தெரிஞ்சாதான் சாயம் கலக்க வசதியா இருக்கும்."

சுத்தப் புளுகு. எதிரே ஒரு கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சாயம் கலக்க அப்பனைத் தேட வேண்டியதில்லை. ஆனால் படிவத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். கோடு போட்டு, கட்டம் கட்டி, அப்பா வழி, அம்மா வழி, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், கண் நிறம் என்ன என்று அழகாக எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில், 'காணாமல் போன, தத்துக் கொடுத்த, அல்லது மறந்துபோன உடன்பிறப்புகள்' என்று இருந்தது.

"அப்பா கண்ணு கறுப்பு. அம்மாவும் கறுப்புதான்" என்றார் தையல்காரம்மா. "அப்பாவோட அம்மாவுக்குத்தான் பச்சைக் கண்ணாம். கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்தவங்க."

கண்காரர் அவசரமாக எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அவருக்கு இன்னும் மனப்பாடம். கறுப்பு ஓங்கும், வெளிர் ஒதுங்கும். ஒதுங்கின வெளிர், இரண்டு பக்கமும் சேர்ந்தால் பேரப்பிள்ளைகளிடம் எட்டிப்பார்க்கும். கணக்கு சரியாக வந்தது.

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. சின்ன வயசுல வீட்டுல ஒரு குழந்தை இருந்து, அப்புறம் இல்லாம போய்..."

"ஏங்க, குழந்தை என்ன குடையா, பஸ்ல மறந்து வச்சிட்டு வர்றதுக்கு?"

கண்காரர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். தையல்காரம்மா காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதே படிவத்துல உங்களுக்கு என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"எனக்கா? எனக்கு எல்லாக் கட்டமும் காலிதான்."

தையல்காரம்மா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வரவா தம்பி?" என்றார்.

அன்று முழுக்கக் கண்காரர் அந்தத் தம்பியை மென்றுகொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று தனக்குத் தானே பலமுறை எடுத்துச் சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

*

மூன்றாவது கண் சிவப்படித்தது. நான்காவது சேற்று நிறம். ஐந்தாவதைப் பார்த்துத் தையல்காரம்மாவே, "இது என் கண்ணு இல்ல தம்பி, ஏதோ மாட்டுக் கண்ணு" என்று சிரித்தார்.

கோபித்துக்கொள்வார் என்று ஒவ்வொரு தடவையும் கண்காரர் பயந்தார். தையல்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு வரச் சொன்னால் பத்தரைக்கே வந்து உட்கார்ந்தார். பாவம், கண்ணுக்கு அவ்வளவு அவசரப்படுகிறார் என்று கண்காரருக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது.

செயற்கைக் கண்ணின் வெண்பகுதியில் நரம்பு தெரிவதற்கு மெல்லிய சிவப்பு நூலைப் பிரித்து ஒவ்வோர் இழையாக ஒட்டுவார்கள். அதைப் பார்த்ததும் தையல்காரம்மா முகத்தைச் சுளித்தார்.

"இதுவா நூலு? ரெண்டு வருஷத்துல வெளுத்துடும். கண்ணுல ரத்தம் செத்துப் போயிடும்."

அடுத்த தடவை, கையோடு ஒரு பட்டு நூற்கண்டு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தொழில் விஷயத்தில் இருபத்தாறு வருடமாகக் கண்காரரிடம் யாரும் ஒரு கருத்தும் சொன்னதில்லை. அவர் நூற்கண்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அருமையான நூல். சரியான கண் செய்யவே கூடாது என்று இருக்கிறவருக்கு இப்படி ஒரு நூல் கிடைத்தது துரதிர்ஷ்டம்தான்.

நூலை உருவிக்கொண்டே தையல்காரம்மா பேசுவார். கீழே கடை, மேலே வீடு. போன வருஷம் வரை கூட ஒரு பெண் வேலை பார்த்தாள், அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். மெஷின் ஊசி உடைந்து கண்ணில் தெறித்த அன்றைக்கு, கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று கத்தவே இல்லையாம். தானாகவே கடையைப் பூட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்வார்.

பரம்பரைதான் கொஞ்சம் சிக்கலாகிக்கொண்டே போனது.

"பச்சைக் கண்ணு அப்பாவோட அம்மான்னு சொன்னேன்ல? அவங்க இல்ல தம்பி. அம்மாவோட அப்பா. மலைப் பக்கத்து ஆளு."

கண்காரர் பழையதை அடித்துவிட்டு எழுதினார். அடுத்த தடவை பச்சைக் கண்ணோடு ஒரு கலங்கரை விளக்குக் காவலர் வந்து சேர்ந்தார். அதற்கடுத்த தடவை, ஒரு கப்பல் சமையல்காரர். அவர் கண் சாம்பல் நிறம். கண்காரர் காகிதத்தின் கீழே காகிதம் ஒட்டினார், பிறகு பக்கத்திலும் ஒட்டினார். இப்போது தையல்காரம்மாவுக்கு ஐந்து தாத்தாக்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரே வருடத்தில் இரண்டு கடல்களில் மூழ்கியிருந்தார்கள். கலப்புக் குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கண்காரர் சமாதானம் செய்துகொண்டார். தனக்கும் சேர்த்துத்தானே இத்தனை தாத்தா என்று ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

தன் கண்ணைத் தையல்காரம்மா கவனிக்க வேண்டுமே என்று ஒருநாள் கண்காரர் தடித்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் இமைக்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

"தூசி விழுந்துடுச்சா தம்பி? ஊதி விடவா?" என்றார் தையல்காரம்மா.

ஏழாவது கண் தோல்வியடைந்த புதன்கிழமை, பையை மாட்டிக்கொண்டு எழுந்த தையல்காரம்மா, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றார். "எனக்கப்புறம் ஒண்ணு பொறந்துச்சுன்னு அம்மா எப்பவோ சொன்ன மாதிரி ஞாபகம்."

கண்காரர் கையிலிருந்த கண் கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டது.

"என்ன ஆச்சு அது? ஆணா? பொண்ணா? எந்த வருஷம்?"

"பழைய ஆளு ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுட்டு அடுத்த தடவை சொல்றேன். இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அந்த இரண்டு வாரம் கண்காரர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது நாற்காலியில் இருந்த துணியை மட்டும் எடுத்துக் கட்டிலில் போட்டார்.

*

இதற்கிடையில் கீழே வேறு ஒரு விபரீதம் கிளம்பியது.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நல்ல சுறுசுறுப்பு. கண்காரரின் மேஜையில் அந்தப் படிவத்தைப் பார்த்தவள், புது விதி போலிருக்கிறது என்று நினைத்து, அறுபது பிரதி எடுத்துக் கண் பிரிவுக்கு வந்த எல்லோரிடமும் கொடுத்துவிட்டாள். சுவரில் கண்காரர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத்துக் கட்டத்தையும் பெரிதாக வரைந்து கூடத்தில் மாட்டினாள். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் இரண்டும் வரும். வெளிரும் வெளிரும் சேர்ந்தால் வெளிர் மட்டுமே வரும்.

'மறந்துபோன உடன்பிறப்புகள்' கட்டத்தில் ஒருவர், பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணன் பெயரையும் விலாசத்தையும் எழுதி, பக்கத்தில் 'மறந்துவிட்டேன்' என்று கையெழுத்தும் போட்டிருந்தார். அது வரைக்கும் பரவாயில்லை.

பந்து பட்டுக் கண் போன ஓர் இளைஞன், அப்பா, அம்மா, அத்தை சகிதம் வந்திருந்தான். அப்பாவுக்குச் சாம்பல் கண். அம்மாவுக்கு வெளிர் பச்சை. மகனுக்கு நல்ல கரும்பழுப்பு. வரவேற்புப் பெண் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, படிவத்தின் மேல் சிவப்பு மையில் 'பொருந்தவில்லை' என்று எழுதினாள். அத்தை அதை எடுத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

கண்காரர் கீழே ஓடிவந்தபோது, அம்மா அழுதுகொண்டிருந்தார், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க" என்று அத்தை மறித்தார். "ரெண்டும் வெளிர். பிள்ளை எப்படிக் கறுப்பு?"

"அது... மாமா மாதிரி இருக்கலாம்" என்றார் கண்காரர் அவசரமாக.

"எந்த மாமா?" என்றார் அப்பா, சுவரிலிருந்து திரும்பி.

"தாய்மாமாவைச் சொல்றேன்."

"தாய்மாமனே கிடையாது. இவ ஒரே பொண்ணு. அப்ப எந்த மாமா?"

கண்காரர் யோசித்தார். அந்த அம்மாவின் மானத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். "ஆஸ்பத்திரியில பொறந்தப்ப குழந்தை மாறிப் போயிருக்கலாம் இல்லையா?" என்றார்.

காப்பாற்றிவிட்டார். அம்மா அழுகையை நிறுத்தினார். பிறகு நால்வரும் மொத்தமாக எழுந்து, எதிர்க் கட்டடத்தில் இருந்த பிரசவப் பிரிவுக்குள் புகுந்து, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தங்கள் குழந்தையைத் திருப்பித் தரச் சொன்னார்கள். இளைஞன் மட்டும், "அப்ப நான் எங்கே போறது?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனான்.

*

பெரிய டாக்டர் கண்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, சத்தம் போடாமலேயே பயமுறுத்தத் தெரிந்த அம்மாள்.

"அந்தப் பையனை அனுப்பிட்டு வர்றேன். அப்பா, அத்தை, பையன், மூணு பேருக்கும் ஒரே மூக்கு. மூணு பேரும் கத்துறதும் ஒரே மாதிரி. ஒருத்தரும் மூக்கைப் பாக்கல, எல்லாரும் கண்ணையே பாத்திருக்கீங்க."

"பாடத்துல அப்படித்தான்மா இருந்துச்சு."

"பாடம் பழசு. கண்ணு நிறத்தை ஒரு மரபணு முடிவு பண்றதில்ல, பல மரபணு சேர்ந்து பண்ணுது. வெளிர்க் கண்ணு ரெண்டு பேருக்குக் கறுப்புக் கண்ணுப் பிள்ளை அபூர்வமா பொறக்கும். கூடப் பொறந்தவங்களுக்கே ஒருத்தருக்குத் தேன், ஒருத்தருக்குக் கறுப்புன்னு வரும். அதுவும் இந்த மாதிரி நாலா பக்கத்து ஜனமும் கலந்த ஊர்ல, கட்டம் போட்டு எதையும் சொல்ல முடியாது."

கண்காரர் தலையாட்டினார். ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காமல் போய்விடலாம். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருக்கலாம்.

"ரெண்டு பேருக்கு அச்சு அசலா ஒரே கண்ணு இருந்தா? தேன் நிறம், பச்சை வளையம், ஒரே இடத்துல பழுப்பா ஒரு துண்டு... அவங்க சொந்தமா இருப்பாங்க இல்ல?"

"இருக்கணும்னு இல்ல. தேனும் பச்சையும் கலப்பு ஊர்ல எந்தெந்த வழியிலயோ வரும். ரத்த சம்பந்தமே இல்லாதவங்களுக்கும் வரும். அந்தப் பழுப்புத் துண்டு மச்சம் மாதிரி. பெரும்பாலும் பரம்பரையில வர்றதே இல்ல." டாக்டர் நிமிர்ந்து முதன்முறையாகக் கண்காரரின் கண்ணைப் பார்த்தார். "ஏன், உங்களுக்கே இருக்கே. எங்க வீட்டு டிரைவருக்குக் கூட இருக்கு."

ஐந்து தாத்தாக்களும் ஒருவர் பின் ஒருவராகக் கப்பல் ஏறிப் போனார்கள்.

"இன்னொரு விஷயம்." டாக்டர் ஒரு பதிவேட்டைத் திருப்பினார். "தையல்காரம்மான்னு ஒருத்தருக்கு ஏழு கண்ணு செஞ்சிருக்கீங்க. இப்ப எட்டாவதுக்குச் சாமான் கேட்டிருக்கீங்க. அவங்க என்ன சிலந்தியா?"

"நிறம் சரியா வரலைம்மா."

"உங்களுக்கா? வரலையா?" டாக்டர் பதிவேட்டை மூடினார். "பாவம், மாசக்கணக்கா கண்ணைக் கட்டிக்கிட்டு தெருவுல அலையுறாங்க. வர்ற புதன்கிழமை கண்ணைக் குடுத்து அனுப்பிடுங்க."

தெருவில் அலைகிறார்கள் என்ற வார்த்தை கண்காரரை அடித்தது. தான் தனியாக இருப்பதற்காக, தனியாக இருக்கிற இன்னொருத்தியை ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி நடக்க வைத்திருக்கிறோம் என்பது இத்தனை நாள் அவர் புத்தியில் ஏறவே இல்லை. மாடிக்குப் போய்ச் சுவரில் இருந்த கட்டத்தைக் கிழித்தார். இழுப்பறையைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து முதல் கண்ணை எடுத்தார். மாதிரிக்காக வைத்திருந்த மற்ற நாற்பது கண்களும் அதே இழுப்பறையிலிருந்து அவரைப் பார்த்தன. மூடிவிட்டார்.

*

புதன்கிழமை தையல்காரம்மா பத்தேகாலுக்கே வந்துவிட்டார்.

"விசாரிச்சேன் தம்பி. அந்தக் குழந்தை விஷயம்..."

"வேணாம்மா" என்றார் கண்காரர். "அது கண்ணு செய்யறதுக்குத் தேவையில்ல."

தையல்காரம்மாவின் முகம் விழுந்தது. பட்டையை அவிழ்த்தார். கண்குழி கொஞ்சமும் சுருங்காமல், இமை நன்றாக வளைந்து நின்றது. தான் கொடுத்த பிளாஸ்டிக் தட்டு இத்தனை நாள் இவ்வளவு நன்றாகத் தாங்கியிருப்பதைப் பார்த்து, அந்தத் துக்கத்திலும் கண்காரருக்குத் தொழில் பெருமை வந்தது. முதல் கண்ணைப் பொருத்தினார். கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"இதான் முதல் தடவை செஞ்சது. அன்னிக்கே சரியா வந்துடுச்சு. நான்தான் பொய் சொல்லிட்டேன். பரம்பரை, படிவம், எல்லாமே பொய். என் கண்ணும் உங்க கண்ணும் ஒரே மாதிரி இருந்துச்சு. ஏதோ முட்டாள்தனமா நினைச்சுட்டேன். வரமாட்டீங்களேன்னு... மன்னிச்சுடுங்க அக்கா."

கடைசி வார்த்தை தவறி வந்துவிட்டது. கண்காரர் தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார்.

தையல்காரம்மா வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு கண்ணும் சேர்ந்தாற்போல் மினுங்கின. ஒரு கண்ணில் மட்டும் நீர் கட்டியிருந்தது.

"யாரு சொன்னா சரியா இருக்குன்னு?" என்றார்.

"என்னது?"

"வெள்ளையைப் பாருங்க. சுண்ணாம்பு மாதிரி இருக்கு. என் வயசுக்குக் கொஞ்சம் மஞ்சள் வேணாமா? நரம்பும் பழைய நூலு. நான் குடுத்த பட்டு நூலு எங்கே போச்சு?"

"அது... முதல்ல செஞ்சது, அப்ப உங்க நூலு வரல..."

"அதைத்தான் நானும் சொல்றேன். வேற செய்யுங்க." கண்ணைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். புதன்கிழமைதானே?"

போய்விட்டார். கண்காரர் கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் சரியாகத்தான் இருந்தது. தன்னைப் பழிவாங்குகிறார் என்று தோன்றியது. நாலு மாதம் அலையவிட்டதற்கு, இனி ஆயுள் முழுக்க வேலை வாங்கப் போகிறார். நியாயம்தான். வாங்கட்டும். ஆனால் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை நாள் அந்தம்மா தெருவில் நடப்பது?

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கியபோது, வாசல் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். கண்காரர் அவர் பக்கத்தில் நின்றார். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும். மாடிக்கு ஒரு தையல்காரம்மா வர்றாங்க இல்ல, கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு? அவங்க வந்தா, திரும்பிப் போறப்ப ஒரு வண்டி பிடிச்சுக் குடுங்க. என்னாலதான் நாலு மாசமா கண்ணு இல்லாம தெருவுல நடக்குறாங்க. ஜனங்க ஒரு மாதிரி பாக்கும்."

காவல்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அவங்க எங்க சார் கண்ணு இல்லாம நடக்குறாங்க? அப்பவே வேற ஊருக்குப் போய் ஒரு கண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டாங்களே, நம்ம வாசல்கிட்ட வந்து என்கிட்ட பையைப் பிடிக்கச் சொல்லிட்டு, அதைக் கழட்டி டப்பாவுல வச்சு, பட்டையைக் கட்டிக்கிட்டுத்தானே ஒவ்வொரு தடவையும் மாடி ஏறி உங்ககிட்ட வர்றாங்க!"